ஈசிஜி நார்மல்தான், ஆனாலும் பஸ்ஸில் ஏறினால் படபடப்பு. என்ன செய்வது?

நெரிசலான பஸ்ஸில் திடீரென நெஞ்சு படபடக்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, ஆழமாக மூச்சு இழுத்தால் இன்னும் மோசமாகிறது என்கிறீர்கள். ஈசிஜி, தைராய்டு இரண்டும் சரியாக இருக்கின்றன.

ஆழமாக இழுத்தால் மோசமாகத்தான் ஆகும். பயத்தில் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்குகிறீர்கள். ரத்தத்தில் குறைவது ஆக்சிஜன் அல்ல, கரியமில வாயு. அது குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்தும். சிலருக்கு விரல்களே கோணிக்கொள்ளும்.

மூக்கு வழியாக, சாதாரண அளவில், 4 எண்ணும்வரை இழுங்கள். வயிறு எழலாம், தோள் எழக்கூடாது. பிறகு உதட்டைக் குவித்து, சூடான காபியை ஊதி ஆற்றுவதுபோல 6 எண்ணும்வரை விடுங்கள். 5 நிமிடம். நடுவில் பெரிதாக ஒரு மூச்சு இழுக்கத் தோன்றும். எச்சிலை விழுங்கிக்கொண்டு எண்ணிக்கையைத் தொடருங்கள். இதைத் தினமும் வீட்டில் நிதானமாக இருக்கும்போதே பழக வேண்டும், பஸ்ஸில் புதிதாகக் கற்க முடியாது. காகிதப் பைக்குள் மூச்சு விடும் சினிமா வைத்தியம் வேண்டாம்; ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் ஆபத்து.

மூச்சு பாதி வேலைதான். மீதி, பாதியில் இறங்காமல் இருப்பது. படபடப்பு பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்த் தானாகவே தணியும். அதற்குள் இறங்கிவிட்டால், 'இறங்கினதாலதான் பிழைச்சோம்' என்று மனம் பதிய வைத்துக்கொள்ளும். அடுத்த முறை பஸ் ஸ்டாப்பைப் பார்த்தாலே துடிக்கும். படிக்கட்டோரச் சீட், பையில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று வைத்த மாத்திரை, துணைக்கு வரும் தம்பி எல்லாமே செய்வது இதே வேலையைத்தான். ஆகவே காலியான மதிய பஸ்ஸில் 2 ஸ்டாப்பில் தொடங்குங்கள், பிறகு 5, கடைசியில் காலை நெரிசல். பயம் பாதியாகக் குறையும்வரை ஒவ்வொரு படியையும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை போனால் போதாது.

வெறும் வயிற்றில் ஸ்ட்ராங் காபி குடித்துவிட்டு பஸ் ஏறாதீர்கள். அந்தத் துடிப்பும் பயத்தின் துடிப்பும் உங்களுக்கு ஒன்றுபோலவே தெரியும்.

மெடிக்கலில் நீங்களாக அல்பிரசோலாம் என்ற பதற்றத் தணிப்பு மாத்திரையை வாங்க வேண்டாம். உடனே அடக்கும், அதனால்தான் சில வாரங்களில் பழகிப்போகும். பிறகு சட்டென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மனநல மருத்துவர் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை (பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும்) மாத்திரைகள் வேலை செய்ய 2 முதல் 6 வாரம் ஆகும். முதல் வாரத்தில் படபடப்பு சற்றுக் கூடலாம், பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். மருத்துவரிடம் போகத் தயக்கமென்றால் முதலில் 14416க்குப் பேசுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ஒன்று மட்டும்: நெஞ்சுவலி வந்து தாடைக்கோ கைக்கோ பரவினால், நடக்கும்போது கூடி, நின்றால் குறைந்தால், அல்லது மயங்கி விழுந்தால், பழைய ஈசிஜியை நம்பி மூச்சை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள்.