டிராகன்ஸ் டாக்மா 2-ஐ ஸ்டீமில் இவ்வளவு பேர் திட்டியது ஏன்? என் கொம்பியூட்டருக்கு வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் திருகோணமலை உவர்மலையைச் சேர்ந்தவர். அவருடைய கொம்பியூட்டரில் கோர் ஐ5 10400எஃப் சிபியு, பி460 மதர்போர்ட், 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்ட் இருக்கின்றன. கேப்காம் நிறுவனத்தின் இந்தக் கற்பனை உலகச் சாகசக் கேமின் முதல் பாகம் அவருக்குப் பிடித்திருந்ததாம். கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் இரண்டாம் பாகத்துக்கு வந்த விமர்சனங்களில் பாதி 'அற்புதம்' என்றும் பாதி 'காசைக் கொட்டாதே' என்றும் சொல்வதால் குழம்பிப்போயிருக்கிறார்.

பதில்: வாங்கலாம், ஆனால் முழு விலைக்கு வேண்டாம், தள்ளுபடி வரும்வரை பொறுங்கள். நகரத்துக்குள்ளும் நொடிக்கு 60 ஃப்ரேம் (திரையில் மாறும் படங்கள்) வேண்டும் என்று நினைத்தால் இந்த மெஷினுக்கு வாங்கவே வேண்டாம்.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. முதல் பாகம் 2012-இல் வந்தது. அடுத்தது 2024 மார்ச் 22 அன்று. பன்னிரண்டு வருடம் காத்திருந்தவர்கள் ஒரே நாளில் உள்ளே புகுந்தார்கள். அன்று மூன்று வேறு வேறு கோபங்கள் ஒரே விமர்சனப் பெட்டிக்குள் விழுந்தன: காசு கேட்கும் கடைப் பொருட்கள், சிபியுவை விழுங்கும் நகரங்கள், கேமின் வடிவமைப்பே வேண்டுமென்று வைத்திருக்கும் கரடுமுரடு. முதலாவதை நீங்கள் மறந்துவிடலாம். இரண்டாவது உங்கள் மெஷினைப் பொறுத்தது. மூன்றாவது உங்கள் குணத்தைப் பொறுத்தது. 'பிடிக்கவில்லை' என்ற சிவப்புக் கட்டைவிரல்களை மொத்தமாக எண்ணினால் இந்த மூன்றும் கலந்துதான் தெரியும்.

கடைப் பொருட்களை முதலில் முடித்துவிடுவோம். வெளியான அன்று ஸ்டீம் பக்கத்தில் போர்ட்கிறிஸ்டல், வேக்ஸ்டோன் (உயிர்ப்பிக்கும் கல்), ரிஃப்ட் கிறிஸ்டல் (கேமுக்குள் செலவழிக்கும் ஒரு நாணயம்), உருவம் மாற்றும் புத்தகம் என்று ஒரு பட்டியலே விற்பனைக்கு வந்தது. விமர்சகர்கள் அதிக மதிப்பெண் போட்ட கட்டுரைகள் அதற்கு முன்பே வந்துவிட்டன. எழுபது டொலர் கொடுத்தவன் முகத்துக்கு முன்னால் இன்னொரு உண்டியலை நீட்டினால் எரிச்சல் வராதா? அந்த எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் 'காசு கொடுத்தால்தான் வேகப் பயணம்' என்று பரவியது தவறு. வேகப் பயணத்துக்கான ஃபெரிஸ்டோன் கேமுக்குள்ளேயே கடைகளில் 10,000 தங்கத்துக்குக் கிடைக்கும். போய்ச்சேரும் இடத்தைக் குறிக்கும் போர்ட்கிறிஸ்டல்கள் விளையாடும்போதே கைக்கு வரும். உருவம் மாற்றும் புத்தகம், கூடவே சண்டைக்கு வரும் துணைவர்களுக்கான துணைவர் சங்கத்தில் 500 ரிஃப்ட் கிறிஸ்டலுக்கு விற்கிறது. முதலில் அதன் இருப்பு வெறும் 2, முதல் பட்ச்சில் (கேமைத் திருத்தும் அப்டேட்டில்) அதை 99 ஆக்கினார்கள். எதையும் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

உங்களுக்கு உண்மையாக வலிக்கப்போவது சிபியுதான். கேமில் வரும் ஒவ்வொரு ஊர்வாசிக்கும் தனிக் கணக்கு ஓடுகிறது: எங்கே நிற்கிறார், எதன் மேல் மோதுகிறார், எப்போது எங்கே போகிறார். ஆட்கள் நிறையப் பேர் ஒரே இடத்தில் சேரும்போது சிபியு திணறும் என்று கேப்காமே ஒப்புக்கொண்டது. அதனால்தான் காட்டுக்குள் ஐம்பது ஃப்ரேமுக்கு மேல் காட்டும் மெஷின், வெர்ன்வொர்த் நகரச் சந்தைக்குள் நுழைந்ததும் முப்பதுக்குக் கீழே விழுகிறது. ஊர்வாசிகளைக் கொன்றால் ஃப்ரேம் ஏறுகிறதா என்று சிலர் சோதித்தே பார்த்தார்கள். அந்தக் கொலைகாரப் பரிசோதனை வேடிக்கையாகப் பரவினாலும், காரணம் எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகக் காட்டிவிட்டது.

உங்கள் மெஷின் எந்த இடத்தில் நிற்கிறது? ஸ்டீம் கேட்கும் குறைந்தபட்சம் கோர் ஐ5 10600 அல்லது ரைசன் 5 3600, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1070, 100 ஜிபி இடம். அதற்கு அவர்கள் உறுதி சொல்வதும் 1080பி-யில் 30 ஃப்ரேம் மட்டுமே. 10400எஃப்-இலும் அதே ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட்தான். ஆனால் உச்ச வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ், 10600-இல் அது 4.8. ஆக நீங்கள் கோட்டுக்குச் சற்றுக் கீழே. 1660 சூப்பரின் வேகம் 1070-க்குக் கிட்ட வரும், ஆனால் நினைவகம் 8 ஜிபி இல்லை, 6 ஜிபி. இதனால் டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படத் தரத்தை) உயர்த்தினால் கமரா திரும்பும் இடங்களில் இழுபறி வரும். அதை நடுத்தரத்துக்கு மேல் ஏற்றாதீர்கள்.

இங்கே பலரும் செய்யும் பிழை ஒன்று: ஃப்ரேம் விழுந்ததும் ரெசலூஷனைக் குறைக்கிறார்கள், சிறிய படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் எஃப்எஸ்ஆரைப் போடுகிறார்கள். காட்டில் அது உதவும். சந்தையில் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் அங்கே கிராஃபிக்ஸ் கார்ட் (ஜிபியு) சும்மா நின்று சிபியுவுக்காகக் காத்திருக்கிறது. சிபியு, ஜிபியு பயன்பாட்டைத் திரையில் காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரைப் போட்டுப் பாருங்கள். சந்தையில் ஜிபியு பயன்பாடு 90-க்கு மேல் நின்றால் கார்ட் பிரச்சினை, அமைப்புகளைக் குறைத்தால் பலன் கிடைக்கும். அது 60, 65 என்று இறங்கினால் சிபியு பிரச்சினை, படத்தை எவ்வளவு மோசமாக்கினாலும் பயன் இல்லை. அந்த நேரத்தில் சிபியு மொத்தமாக 70 சதவீதம்தான் காட்டும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம், ஒரு கோர் நிரம்பினாலே மற்றவை அதற்காகக் காத்திருக்கும்.

செய்யக்கூடியது இவ்வளவு. ரேம் ஒற்றை 16 ஜிபி ஸ்டிக்காக இருந்தால், அதே வகையில் இன்னொன்று போட்டு இரட்டைச் சேனல் ஆக்குங்கள். இந்த மெஷினுக்குச் செய்யக்கூடிய மலிவான முன்னேற்றம் அதுதான். 3200 வேக ரேம் வாங்கி அதிகக் காசு கொடுக்க வேண்டாம், 10400எஃப்-உம் பி460-உம் சேர்ந்தால் 2666-க்கு மேல் ஓடாது. ரே டிரேசிங் நிறுத்தம். கேமை எஸ்எஸ்டியில் வையுங்கள். கடைசியாக, என்விடியா கொன்ட்ரோல் பனலில் உச்ச ஃப்ரேமை 30-இல் பூட்டுங்கள். 55-இலிருந்து 28-க்கு விழுவதுதான் கண்ணை உறுத்துகிறது, நிலையான 30 சில நிமிடங்களில் பழகிவிடும். கொன்சோல்காரர்களும் இதையே கேட்டுக் கத்தினார்கள். முதலில் அவர்களுக்குப் பூட்டும் வசதியே இல்லை, பட்ச்சில்தான் வந்தது.

சிபியுவை மாற்றலாமா என்று யோசிப்பீர்கள். பி460-இல் பொதுவாகப் பத்தாம் தலைமுறைதான் வேலை செய்யும் என்பதால், உங்களுக்கு இருக்கும் நடைமுறை வழி பாவித்த ஐ7 10700 போன்ற ஒன்றுதான். அதைப் போட்டாலும் சந்தையில் சில ஃப்ரேம்தான் கூடும். ஒரு கேமுக்காக அது வீண் செலவு.

திருகோணமலைக்கென்று ஒரு விஷயம். கச்சான் வீசும் மாதங்களில் அறைச் சூடே 34, 35 பாகையில் நிற்கும்போது, பெட்டியோடு வந்த இன்டெல் கூலர் இந்தக் கேமின் நகரங்களில் மூச்சு வாங்கும். சிபியு 100 பாகையைத் தொட்டால் வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும், பிறகு எந்த அமைப்பும் உதவாது. கூலரின் தூசியைத் தட்டி, தேர்மல் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவுங்கள். பெட்டியின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு மின்விசிறியைத் திருப்பி வைப்பது இங்கே வழக்கம். கடலுக்குக் கிட்ட இருக்கும் வீடுகளில், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் குறிப்பாக, அது உப்புக் காற்றை நேராகப் போர்டுக்கு ஊட்டும் வேலை. ஒரு மழைக்காலம் தாண்டினால் ரேம் ஸ்லொட் பச்சை பிடிக்கும்.

அடுத்தது கரண்ட். இந்தக் கேமில் ஒரே ஒரு சேவ்தான். தானாகச் சேவ் ஆவது ஒன்று, கடைசியாக விடுதியில் தூங்கிய இடம் ஒன்று, இரண்டும் ஒரே கதாபாத்திரத்துக்கு. விருப்பப்பட்ட இடத்தில் தனியாக ஒன்று போட்டு வைக்க முடியாது. வெளியான நேரத்தில் மெனுவில் 'புதிய ஆட்டம்' என்றே எதுவும் இல்லை. முகத்தைக் கோணலாக வடிவமைத்தவர்கள் முதலிலிருந்து தொடங்க ஃபைல்களைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. அதற்கும் நிறையத் திட்டு வந்தது, முதல் பட்ச்சிலேயே சரிசெய்தார்கள். ஆனால் ஒற்றைச் சேவ் அப்படியே இருக்கிறது. சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் கெடலாம். ஆகவே ஸ்டீம் கோப்புறைக்குள் யூசர்டேட்டா, உங்கள் கணக்கு எண், 2054970, ரிமோட் என்று போய், வின்64_சேவ் கோப்புறையை விளையாட்டு முடிந்ததும் பிரதி எடுத்து வையுங்கள். திரும்பப் போடும்போது ஸ்டீம் கிளவுட்டை முதலில் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கெட்டதையே மறுபடி இறக்கி நல்லதன் மேல் எழுதிவிடும். 650 விஏ யூபிஎஸ் ஒன்று இருந்தால் சில நிமிடம் தாங்கும். கேமை மூடிவிட்டு நிறுத்த அது போதும், தொடர்ந்து விளையாட அல்ல.

இனி மூன்றாவது கோபம். நடக்க வேண்டும். நிறைய நடக்க வேண்டும். மாட்டுவண்டி உண்டு, ஆனால் வழியில் கோப்ளின் கூட்டம் மறிக்கும், கிரிஃபின் என்ற பறக்கும் மிருகம் வந்து வண்டியை நொறுக்கும், மிச்சத் தூரம் நடந்துதான் போக வேண்டும். அடி வாங்கினால் உயிர்க்கோட்டின் உச்சமே சுருங்கும், முகாம் போட்டோ விடுதியிலோ தூங்கினால்தான் மீளும். முகாம் சாமான் பாரம். பாரம் கூடினால் நடை தளரும். இயக்குநர் ஹிடேயகி இட்சுனோ வெளியீட்டுக்கு முன்பே பயணம் அலுப்பூட்டுவதற்குக் காரணம் கேம் அலுப்பூட்டுவதுதான் என்ற கருத்தைச் சொல்லியிருந்தார். அதை நம்பியவர்கள் கொண்டாடினார்கள். வேலை முடிந்து ஒரு மணித்தியாலம் கிடைப்பவர்கள் கடுப்பானார்கள். இருவர் எழுதியதும் உண்மை.

இதன் உச்சம் டிராகன் கொள்ளைநோய். வாடகைக்கு எடுக்கும் துணைவர்களுக்கிடையே இது தொற்றும். கண் சிவந்து மின்னும், தலையைப் பிடித்துக்கொள்வார்கள், சொன்னதைச் செய்யாமல் திமிராகப் பேசுவார்கள். கவனிக்காமல் நோய் முற்றிய நிலையில் ஊர் விடுதியில் தூங்கினால், எழும்பும்போது ஊரே பிணக்காடு. கடைக்காரர், பணி தருபவர் எல்லாரும் போய்விடுவார்கள். ஒற்றைச் சேவ் என்பதால் பின்னால் போகவும் வழியில்லை. மருந்து ஒன்றுதான்: வாடகைத் துணைவரை விடுவித்துவிடுங்கள், உங்கள் சொந்தத் துணைவருக்கு வந்தால் தூக்கி ஆழத் தண்ணீரில் போடுங்கள், குணமாகித் திரும்பி வருவார். பின்னர் வந்த பட்ச் ஒன்றில் தொற்றும் வேகத்தைக் குறைத்து, அறிகுறிகளைத் தெளிவாக்கினார்கள். 2024 செப்டம்பரில் 'கஷுவல் மோட்' வந்தது. அதில் விடுதிச் செலவும் ஃபெரிஸ்டோன் விலையும் குறைவு, நோய் அந்தக் கடைசி நிலைக்குப் போகாது. முதல் பாகம் பிடித்தவர் என்பதால் அதைப் போடாமலே தொடங்குங்கள் என்பேன். ருசியே அந்தப் பயத்தில்தான் இருக்கிறது.

புகழ்ந்தவர்கள் எதைப் புகழ்ந்தார்கள் என்றும் சொல்ல வேண்டும். கிரிஃபினின் முதுகில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அது பறந்து வேறு மலையில் உங்களை இறக்கும். சைக்ளொப்ஸ் என்ற ஒற்றைக்கண் அரக்கன் பள்ளத்தின் குறுக்கே விழுந்தால் அதன் உடல் மேலேயே ஏறி அக்கரைக்குப் போகலாம். எழுதிவைத்த காட்சிகள் அல்ல, தற்செயலாக நடப்பவை. எதிரி வகை குறைவு, பிரதான கதை வேகமாக முடிகிறது என்ற குறைகள் முதல் பாகத்திலும் இருந்தவைதான், உங்களுக்குப் புதிதல்ல.

விமர்சனங்களை வாசிக்கும் முறை: ஸ்டீமில் 2024 செப்டம்பருக்குப் பிந்தியவற்றை மட்டும் வடிகட்டுங்கள், விளையாடிய நேரம் 20 மணித்தியாலத்துக்கு மேல் உள்ளவர்களைப் பாருங்கள். தன் சிபியுவின் பெயரைச் சொல்லாமல் 'லேக்', அதாவது 'கேம் இழுக்கிறது' என்று மட்டும் எழுதியவரைத் தாண்டிப் போங்கள்.

வாங்கும்போது: விலை இலங்கைக்கு டொலரில்தான் காட்டும். கார்டில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வங்கியிடம் முதலில் கேளுங்கள். வேறு நாட்டுக் கீ மலிவென்று வாங்காதீர்கள், பிராந்தியப் பூட்டில் மாட்டும், பணமும் திரும்பாது. டவுன்லோட் பெரிது. உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் ஸ்டீமின் டவுன்லோட் நேரத்தை அதற்குள் வையுங்கள், இல்லாவிட்டால் மாதத்து டேட்டாவில் பெரும்பகுதி ஒரு நாளில் போய்விடும்.

பணம் திரும்பப் பெற ஸ்டீம் தரும் எல்லை 14 நாள், 2 மணித்தியால விளையாட்டு. முகம் செதுக்குவதிலேயே ஒரு மணித்தியாலம் கரைந்துவிடும் என்பதால், இலவசமாகக் கிடைக்கும் கதாபாத்திர உருவாக்கியைத் தனியாக இறக்கி முகத்தை முன்பே முடித்து வையுங்கள். கேமை முதலில் திறந்ததும் ஷேடர் (படம் வரையும் சிறு நிரல்கள்) தயாராகும் நேரமும் அந்த இரண்டு மணித்தியாலத்தில்தான் கழியும். பிறகு பக்கப் பணி எதையும் தொடாமல் மெல்வ் ஊர் போய், அங்கிருந்து மாட்டுவண்டியில் நேரே வெர்ன்வொர்த் சந்தைக்குப் போங்கள். ஆஃப்டர்பர்னரைப் பார்த்தபடி பத்து நிமிடம் நடவுங்கள். 30-இல் பூட்டியும் 25-க்குக் கீழே அடிக்கடி விழுந்தால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.