‘அணி’யா, ‘பட்டியலா’? தரவுக் கட்டமைப்புகளுக்கு ஆவணத்தில் பெயரிடுவது எப்படி?

கேள்வி: பைதான் நிரல்மொழியில் எழுதிய எங்கள் நிரல் நூலகத்துக்கு (பிறர் தம் நிரல்களில் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புக்கு) தமிழில் ஆவணம் தயாரிக்கிறோம். அதில் தரவுகளைச் சேர்த்துவைக்கும் ஒரே கட்டமைப்பை ஒருவர் ‘அணி’ என்கிறார், இன்னொருவர் ‘பட்டியல்’ என்கிறார், மூன்றாமவர் ‘வரிசை’ என்கிறார். ஒரு திறவுகோலைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் டிக்ஷனரியை ‘அகராதி’ என்று எழுதலாமா? தமிழ்ச்சொல், ஆங்கிலச்சொல் இரண்டில் எதைக் கொள்வது?

பதில்: சொல் தமிழா ஆங்கிலமா என்பதை இரண்டாவதாகப் பார்க்கலாம். அந்தச் சொல்லைப் படித்ததும் வாசகர் மனத்தில் எழும் எதிர்பார்ப்பை நிரல் நிறைவேற்றுகிறதா என்பதையே முதலில் சோதிக்க வேண்டும்.

‘அகராதி’யை அப்படிச் சோதித்துப் பாருங்கள். அகரத்தை ஆதியாகக் கொண்டது என்பதே அச்சொல்லின் பொருள். ஆகவே தமிழ் வாசகருக்கு அது அகரவரிசையில் அடுக்கப்பட்ட ஒன்றாகவே தோன்றும். பைதானின் டிக்ஷனரியோ, 3.7 பதிப்பு முதல், திறவுகோல்–மதிப்பு இணைகள் எந்த வரிசையில் சேர்க்கப்பட்டனவோ அதே வரிசையைக் காக்கும் என்று மொழியே உறுதியளிக்கிறது. எழுத்து வரிசைக்கு அதில் இடமில்லை. நல்ல தமிழ்ச்சொல்தான், ஆனால் இந்த இடத்தில் தவறான வாக்குறுதியைத் தருகிறது. எனவே ‘டிக்ஷனரி’ என்றே எழுதி, முதன்முறை வரும் இடத்தில் ‘திறவுகோல்–மதிப்பு இணைகளின் தொகுப்பு’ என்று விளக்கிவிடுவதையே பரிந்துரைப்பேன். இத்தகைய தொகுப்புக்கு வேறு சில நிரல்மொழிகளில் வழங்கும் ‘மேப்’ என்ற சொல்லும் தனியே நின்றால் போதாது. சி++ மொழியின் மேப் திறவுகோல்களை வரிசைப்படுத்தியே வைத்திருக்கிறது. ஜாவாவின் ஹாஷ்மேப் எந்த வரிசைக்கும் உறுதி தருவதில்லை. கோ மொழியிலோ, வரிசையை நம்பி யாரும் நிரல் எழுதிவிடக் கூடாது என்பதற்காக, மேப்பைச் சுற்றிவரும் வரிசை முறைக்கு முறை மாறும்படி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். பிற மொழிகளிலிருந்து வரும் வாசகர் தம் பழைய பழக்கத்தையும் கூடவே கொண்டுவருவார்.

‘அணி’யில் சிக்கல் வேறு. தமிழ்நாட்டுப் பள்ளிக் கணினி அறிவியல் நூல்களில் அது அரேயை, அதாவது எண்ணிட்டு அடுத்தடுத்து வைத்த உறுப்புகளின் தொகுப்பைக் குறிக்கிறது. அதே மாணவரின் கணித நூலில், எண்களைக் கிடையாகவும் நெடுக்காகவும் அடுக்கிய மேட்ரிக்ஸைக் குறிக்கிறது. இலங்கையில் மேட்ரிக்ஸுக்குத் ‘தாயம்’ என்ற சொல் இருப்பதால் அங்கே இந்தக் குழப்பம் குறைவு. (அங்கே செட் எனப்படும் கணத்தைத் ‘தொடை’ என்பார்கள், யாப்பிலக்கணம் படித்தவர் தவிர மற்றத் தமிழ்நாட்டு வாசகர் சற்றே திகைப்பார்.) உங்கள் நூலகம் கணக்கீட்டுக்கானது என்றால், இரண்டு பொருளும் ஒரே பக்கத்தில் வரக்கூடும், அங்கே ‘அணி’யை மேட்ரிக்ஸுக்கு விட்டுவிட்டு, மற்றதை ‘அரே’ என்றே எழுதுங்கள். பைதானின் லிஸ்ட்டைப் ‘பட்டியல்’ எனலாம். ஆனால் அது உள்ளே, ஒவ்வோர் உறுப்பும் அடுத்ததைக் காட்டும் இணைப்புப் பட்டியல் அன்று, உறுப்புகள் இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டுகளை அடுத்தடுத்த இடங்களில் வைத்திருக்கும் அமைப்பு என்பதை ஒருமுறையாவது சொல்லிவிட வேண்டும். நடுவிலுள்ள உறுப்பை எண் சொல்லி எடுப்பது அதில் உடனே முடியும், தொடக்கத்தில் ஒன்றைச் செருகினாலோ மற்ற எல்லாம் ஓரிடம் நகர வேண்டும் என்பது பயனருக்குத் தேவையான செய்தி.

‘வரிசை’யை எந்தக் கட்டமைப்புக்கும் தனிப்பெயராக வைக்காதீர்கள். கியூ (முதலில் வந்தது முதலில் வெளியேறும் அமைப்பு), ஒழுங்கு, கிடைவரிசை ஆகிய மூன்றுக்கும் அது ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கிறது; ‘வரிசையை வரிசைப்படுத்துக’ என்ற வாக்கியத்தை நான் ஓர் ஆவணத்தில் உண்மையிலேயே படித்திருக்கிறேன். ‘அடுக்கு’, கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் ஸ்டேக்குக்குப் பொருந்தும், பக்கத்தில் கணித அடுக்கு வராதவரை.

நிரலில் தட்டச்சு செய்ய வேண்டிய வகைப்பெயரை (list, dict போன்றவற்றை) மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். அது நிரலில் உள்ளபடியே, வேறு எழுத்துருவில் நிற்கட்டும். தமிழ்ச்சொல் கருத்துக்கு உரியது.

பெயர் முடிவான பிறகும், பெயர் சொல்லாததை வாக்கியம் சொல்ல வேண்டும். ‘பயனர் விவரங்கள் அடங்கிய மேப் கிடைக்கும்’ என்பதைவிட, ‘பயனர் எண்ணைத் திறவுகோலாகவும் பெயரை மதிப்பாகவும் கொண்ட டிக்ஷனரி கிடைக்கும், இணைகள் சேர்த்த வரிசையிலேயே இருக்கும், அதே எண்ணை மீண்டும் சேர்த்தால் பழைய பெயருக்குப் பதிலாகப் புதியது இடம்பெறும்’ என்பது நீளம்தான், ஆனால் அதைப் படித்தவர் உங்களிடம் வந்து சந்தேகம் கேட்க மாட்டார்.

பழைய ஆவணங்களைத் திருத்தும்போது ஒரு நடைமுறைக் குறிப்பு: ‘பட்டியல்’ என்று புள்ளியோடு தேடினால் ‘பட்டியலை’, ‘பட்டியலுக்கு’ போன்ற வடிவங்கள் அகப்படா, யூனிகோடில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள். புள்ளியில்லாமல் ‘பட்டியல’ என்று தேடினால் பெரும்பாலான நிரல் திருத்திகளில் எல்லா வடிவங்களும் சிக்கும். ஆனால் மாற்றத்தை ஒரே சொடுக்கில் விடாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தே செய்யுங்கள், ஏனெனில் ‘பட்டியலை’ போய் ‘அரேயை’ வரும்போது உருபு சேரும் விதமும் மாறுகிறது.