கொழுப்புப் படலத்தின் வழியே நீர் நுழைவது எப்படி?

கேள்வி: செல் சவ்வு கொழுப்பால் ஆனது என்கிறார்கள். கொழுப்பும் நீரும் ஒட்டாதே; பிறகு செல்லுக்குள் நீர் எப்படிப் போகிறது?

பதில்: நியாயமான சந்தேகம், ஆய்வாளர்களையே நெடுங்காலம் குழப்பியதும்கூட. சவ்வின் அடிப்படைப் பொருளான பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்பு மூலக்கூறுக்கு நீரை நாடும் தலையும் நீரை விலக்கும் இரு வால்களும் உண்டு. வால்கள் உள்ளே ஒளிந்துகொள்ள, தலைகள் இருபுறமும் நீரைப் பார்த்திருக்க, அவை ஈரடுக்காக அமைகின்றன. இது இறுகிய சுவரன்று. எண்ணெய்போல நகரும் படலத்தில் புரதங்கள் மிதக்கின்றன என்று 1972இல் சிங்கர், நிக்கல்சன் என்னும் ஆய்வாளர்கள் விளக்கினர்.

ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு போன்ற சிறு மூலக்கூறுகள் இப்படலத்தை எளிதில் கடந்துவிடும். நீரும் ஓரளவு கசியும். ஆனால் சிவப்பணுவைத் தூய நீரில் இட்டால் அது நொடிகளில் உப்பி வெடிக்கும் வேகத்தைக் கசிவு மட்டும் விளக்காது. நீருக்கென்றே அக்வாபோரின் என்னும் புரதக் குழாய்கள் இருப்பதைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரே, 2003இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மிகக் குறுகிய இக்குழாயில் நீர் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகவே செல்கின்றன. ஆயினும் ஒரு குழாய் வினாடிக்கு ஏறத்தாழ 300 கோடி மூலக்கூறுகளைக் கடத்துகிறது.

இதுவரை சொன்னவற்றுக்குச் செல் ஆற்றல் செலவிடுவதில்லை. செறிவு குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்கு அயனிகளைத் தள்ளத்தான் செலவு: செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு, சோடியம்-பொட்டாசியம் பம்ப் என்னும் சவ்வுப் புரதம் மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. அது நின்றுபோனால் சோடியம் உள்ளே தேங்கும். அதைத் தொடர்ந்து நீரும் புகுந்து செல்லை வீங்கச் செய்யும்.