வாசூ ஏஜென்ட் 'நெவர் கனெக்டட்': முதலில் 1514ஐப் பாருங்கோ

வாசூ (Wazuh) என்பது கணினிகளின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் மென்பொருள்; ஏஜென்ட் என்பது ஒவ்வொரு கணினியிலும் இருந்து சர்வருக்குத் தகவல் அனுப்பும் அதன் பகுதி. வெள்ளவத்தைக் கிளைக் கணினியின் பெயர் கோட்டை சர்வரின் பட்டியலில் விழுந்திட்டுது, ஆனால் 'நெவர் கனெக்டட்' (ஒருமுறையும் இணையவில்லை) என்று காட்டுது என்கிறீர்கள். அப்போ பதிவுக்கான 1515 போர்ட் (இணைப்பு வாசல்) பெரும்பாலும் திறந்துதான் இருக்கு. சந்தேகம் ஏஜென்ட் தகவல் அனுப்பும் 1514இல். ஃபயர்வோலில் ஒன்றை மட்டும் திறந்துவிட்டு மற்றதை மறப்பது வழமை. கிளைக் கணினியிலிருந்தே சர்வரின் 1514க்கு டெல்நெட் (போர்ட்டோடு இணைய முடியுதா என்று பார்க்க உதவும் கட்டளை) அடியுங்கோ. பிங் போவதை நம்பவேண்டாம், அது போர்ட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

டெல்நெட் போனால், ஏஜென்ட் கொன்ஃபிக்கில் (அமைப்புக் கோப்பில்) சர்வர் முகவரி சரியா, புரோட்டோகோல் (தகவல் அனுப்பும் முறை) இரு பக்கமும் டிசிபியா எனப் பாருங்கோ. பழைய கொன்ஃபிக்கில் யூடிபி கிடக்கலாம்.

ஏஜென்ட் வேர்ஷன் சர்வரைவிடப் புதிதென்றாலும் சர்வர் அதை ஏற்காது. சர்வரைத்தான் முதலில் அப்டேட் செய்யவேணும். ஏஜென்டை மீள நிறுவியிருந்தால் பழைய கீ (சர்வர் ஏஜென்டை அடையாளம் காணும் சாவி) பொருந்தாது: சர்வரில் பழைய பதிவை நீக்கி, மீளப் பதிந்து, ஏஜென்டை ரீஸ்டார்ட் பண்ணுங்கோ. பிறகும் வராட்டில் ஏஜென்டின் லொக் ஃபைலின் (பதிவுக் கோப்பின்) கடைசி 20 வரியை இங்கே போடுங்கோ, ஐபியை மறைச்சிட்டு.