கரை ஒதுங்கும் திமிங்கிலங்களையும் ஓங்கில்களையும் (டால்பின்களையும்) கொல்வது பிளாஸ்டிக்கா, ரசாயனமா? நாம் மீன் உண்ணலாமா?

நீங்கள் மும்பைக் கடற்கரையில், ஜுஹுவிலோ வெர்சோவாவிலோ அப்படி ஓர் உடலைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் கடல் விஞ்ஞானி அல்லன். மும்பையை அடுத்த தானே–பேலாப்பூர் பகுதியிலுள்ள ஆலைகளில் மின் பராமரிப்பு மேற்பார்வையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்விக்கும் என் தொழிலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

பிசிபி (பாலிகுளோரினேட்டட் பைஃபீனைல்) என்னும் ரசாயனத் திரவம் எளிதில் தீப்பற்றாது என்பதால், பழைய டிரான்ஸ்ஃபார்மர்களிலும் கெப்பாசிட்டர்களிலும் அதை நிரப்பினார்கள். அது நீரில் ஏறக்குறைய கரையாது, கொழுப்பில் கரையும், எளிதில் சிதையாது. ஆகவே நுண்ணுயிர்களிலிருந்து சிறு மீனுக்கும், அதிலிருந்து பெரிய மீனுக்கும், கடைசியில் ஓங்கிலுக்கும் கடற்பன்றிக்கும் போகப்போக அதன் செறிவு ஏறிக்கொண்டே போகிறது. ஆண் விலங்கு அதைச் சாகும்வரை சுமக்கிறது. பெண்ணோ பாலின் வழியே குட்டிக்குக் கொடுத்துவிடுகிறது, அதிலும் தலைக்குட்டிக்குத்தான் பெரும்பங்கு. தாய் இளைத்துக் கொழுப்பு கரையும் காலத்தில், அதில் அடங்கியிருந்த நஞ்சு இரத்தத்தில் கலக்கிறது.

2016 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் டைரீ தீவில் லூலூ என்ற ஓர்கா (கொலைத் திமிங்கிலம்) இறந்து ஒதுங்கியது. உயிரைப் பறித்தது மீன்பிடிக் கயிறு. ஆனால் அதன் கொழுப்பில் கிலோவுக்கு 957 மில்லிகிராம் பிசிபி இருந்தது. கடல் பாலூட்டிகளுக்குத் தீங்கு தொடங்கும் அளவாக ஆய்வாளர்கள் கொள்வது 9 மில்லிகிராம். குறைந்தது 20 வயதான அந்த விலங்கு குட்டியே ஈன்றதில்லை என்பதைக் அதன் சினைப்பைகள் காட்டின. அதே ஜனவரியில் ஜுஹுவில் ஒதுங்கிய பெரிய திமிங்கிலம் பலீன் வகை, அதாவது பல்லுக்குப் பதில் சல்லடைத் தகடுகளால் இரையை வடிகட்டி உண்பது. உணவுச் சங்கிலியில் கீழே உண்பதால் அவ்வகைக்கு இந்தச் சுமை குறைவு. ஆகவே ஒவ்வொரு சாவுக்கும் ரசாயனமே காரணம் என்று சொல்ல வரவில்லை. பிசிபி நோய் எதிர்ப்பையும் குட்டி ஈனும் திறனையும் அரித்துவிடும். பிறகு வலையோ கிருமியோ முடித்துவைக்கும்.

இனி என் மனத்தில் உறுத்துவது. நான் வேலை பார்த்த ஓர் ஆலையை மூடியபோது பழைய கெப்பாசிட்டர்களைப் பங்கார்க்காரருக்கு (பழைய இரும்பு வியாபாரிக்கு) ஏலம் விட்டார்கள். சிலவற்றின் பெயர்ப்பலகையில் 'அஸ்கரெல்' என்றிருந்தது, பிசிபி கலந்த திரவத்துக்கு அதுதான் பெயர். ஒன்றிலிருந்து கசிந்த துளியை ஒரு வாளித் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். சாதாரண எண்ணெய் மிதக்கும், இது மூழ்கியது. இதைத் தனியே பீப்பாயில் அடைத்துவைக்க வேண்டும் என்று நிர்வாக அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். ஏல விலை குறையும் என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எடுக்க வந்த பங்கார்க்காரர் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். "எண்ணெயோட தூக்குனா எடைக்கு நாங்கல்லா காசு கொடுக்கணும், அண்ணாச்சி" என்றார். எண்ணெயைப் பின்புற நாலாவில்தான் (சாக்கடைக் கால்வாயில்தான்) கொட்டினார்கள். அந்த நாலா, தானே ஊரின் கழிமுகத்தில் போய்ச் சேருகிறது.

ஓர் ஆலையின் எண்ணெயா கடலைக் கெடுத்தது என்று கேட்பவர்கள் வருவார்கள் என்பது தெரியும். உலகில் தயாரான பிசிபி 10 இலட்சம் டன்னுக்கும் மேல். அது கடலைச் சேர்ந்ததெல்லாம் இப்படிச் சில்லறைச் சில்லறையாகத்தான். நம் நாட்டில் 2016-இல் வந்த ஆணை அதன் தயாரிப்பையும் இறக்குமதியையும் தடுத்தது. பழைய கருவிகளின் பயன்பாட்டை 2025 டிசம்பர் 31-க்குள் நிறுத்தச் சொன்னது. காகிதத்தில் சரி. ஆனால் மூடிக் கிடக்கும் ஆலைகளின் கொட்டகைகளில் எஞ்சியிருப்பதை ஏலம் போவதற்கு முன்பு யார் போய்ச் சோதிப்பது?

பிசிபி மட்டும் பேசினால் நம் கடலின் கணக்கு முழுமையாகாது. பரங்கிப்பேட்டைக் கடலில் கிடைத்த ஓங்கில்களை 1990களில் ஆராய்ந்தபோது, பிசிபியைவிட டிடிடி என்னும் பூச்சிக்கொல்லியே மிகுந்திருந்தது. வயலுக்கும் கொசுவுக்கும் தெளித்ததுதான் அங்கே போயிருக்கிறது.

மீன் உண்ணலாமா என்றால், சங்கிலியின் அடியில் உள்ள சிறு மீன்களில் இவ்வகை நஞ்சு பொதுவாகக் குறைவு. எங்கள் வீட்டில் மத்தியும் நெத்திலியும் வழக்கம்போல் வாங்குகிறோம். சுறாவை மட்டும் நிறுத்திவிட்டோம். அதில் என் மனைவிக்கு இன்றுவரை உடன்பாடில்லை.