நீர்த்தேக்கத்தில் மீன் எண்ணுவது எப்படி? கேள்வி பதில்

நீர்த்தேக்கத்து மீன் கணக்கெடுப்பைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் பதில் சுருங்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள். சிங்கப்பூரில் 17 நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. கடைசியாக வந்த மரினா, பொங்கோல், சிராங்கூன் மூன்றும் ஆற்று முகத்தை அடைத்துக் கட்டியவை. ‘புதிய நீர்த்தேக்கம்’ என்று நான் எழுதும் இடங்களில் இவற்றையே மனத்தில் வைத்திருக்கிறேன்.

சுமதி, பொங்கோல்: அக்கா, ஒரு நீர்த்தேக்கத்தில் மொத்தம் எத்தனை மீன் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? தண்ணீரை இறைத்துவிட்டா எண்ணுவீர்கள்?

குளம் சின்னதாக இருந்தால் இறைத்தே எண்ணலாம் சுமதி. நீர்த்தேக்கத்தில் அது நடக்காது. அதற்குக் குறியிட்டு விட்டு மறுபடி பிடிக்கிற முறை இருக்கிறது. முதலில் 200 மீன் பிடித்து, துடுப்பின் ஓரத்தில் சின்னதாக வெட்டியோ முதுகில் அடையாளச் சீட்டுக் குத்தியோ தண்ணீரில் விடுகிறோம். மற்ற மீன்களோடு கலக்க அவகாசம் கொடுத்து மறுபடி வலை போடுகிறோம். 150 மாட்டுகிறது, அதில் 10 தான் நாம் குறியிட்டவை என்று வையுங்கள். பதினைந்தில் ஒன்று. அப்படியானால் நாம் விட்ட 200 மீனும் மொத்தத்தில் பதினைந்தில் ஒரு பங்கு, மொத்தம் 3,000. டென்மார்க்கின் பீட்டர்சன் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மீன்களுக்குக் குறியிட்டதிலிருந்து வளர்ந்து வந்த கணக்கு இது. மறுபடி மாட்டுவது குறைவாக இருக்கும்போது போடும் சாப்மன் திருத்தத்தோடு பார்த்தால் அதே மீன்கள் 2,758 ஆகிவிடும்.

இந்தக் கணக்கு நிற்க மூன்று நிபந்தனைகள் வேண்டும். இரண்டு பிடிப்புக்கும் நடுவில் மீன் வெளியே போகவோ உள்ளே வரவோ கூடாது. குறி விழக்கூடாது. குறியிட்ட மீனும் இடாத மீனும் ஒரே மாதிரி மாட்ட வேண்டும். புதிய நீர்த்தேக்கத்தில் முதலாவதும் கடைசியும் ஆட்டம் காணும். மழை கொட்டினால் மதகு திறக்கும், தண்ணீரோடு மீனும் போகும். ஒருமுறை மாட்டித் தப்பிய மீன் அடுத்த முறை வலையைக் கண்டால் விலகிப் போகலாம்; அப்படி விலகினால் 10 வர வேண்டிய இடத்தில் 5 வரும், மொத்தம் இரண்டு மடங்காக ஊதிவிடும்.

ஆகவே பெரும்பாலும் மொத்தத்தைத் தேடுவதில்லை. அதே வலை, அதே இடம், அதே நேரம், வலை கிடந்த அதே மணிக்கணக்கு. இதில் எத்தனை மாட்டியது, போன வருடம் எத்தனை மாட்டியது என்று ஒப்பிடுகிறோம். ஒரே ஒரு தடவை எண்ணிவிட்டு வந்து இந்த நீர்த்தேக்கத்தில் இவ்வளவு மீன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்னொன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், பின்னாலும் சொல்வேன்: வலையில் வராத மீனை ‘இல்லை’ என்று எழுதக் கூடாது.

கார்த்திக், உட்லண்ட்ஸ்: எந்த வலை போடுவீர்கள்? வீச்சு வலை போதாதா?

கரையோரத்துக்கு வீச்சு வலை நல்லது. ஆனால் வீசுகிறவரின் கைக்கு ஏற்ப விளைவு மாறும். நடுத் தண்ணீருக்குச் செவுள் வலை; சுவர் மாதிரி நிற்கும், புக முயலும் மீன் செவுளில் சிக்கும். ஒரே கண்ணளவு உள்ள வலை ஒரே அளவு மீனைத்தான் பிடிக்கும். சின்னது புகுந்து போகும், பெரியது முட்டித் திரும்பும். அதனால் பல கண்ணளவுத் துண்டுகளை ஒன்றாகத் தைத்த வலை. ஐரோப்பிய ஏரிகளுக்கென்று வகுத்தது 30 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் உயரம், 5 மில்லிமீட்டரிலிருந்து 55 மில்லிமீட்டர் வரை 12 கண்ணளவுகள். அதை அப்படியே இங்கே இறக்கினால் விரால் வகையான பெரிய தோமான் கிழித்துக்கொண்டு போய்விடும். இன்னும் அகலமான கண்ணும் தடித்த நூலும் சேர்க்க வேண்டும்.

எங்கே போடுகிறோம் என்பதும் பெரிய விஷயம். ஆற்றில் வளர்ந்த மீனுக்குக் கரையும் வேரும் நிழலும்தான் பழக்கம். அணை கட்டியதும் திடீரென்று நடுவில் ஒரு பெரிய திறந்த வெளி உண்டாகிறது, அங்கே வாழத் தெரிந்த இனம் பெரும்பாலும் உள்ளூரில் இருக்காது. கரையோரம் மட்டும் வலை போட்டால் மீன் கொட்டிக் கிடப்பது போலத் தெரியும், நடுவில் மட்டும் போட்டால் பாலைவனம். ஆழத்திலும் அப்படித்தான். ஆற்று முகத்தை அடைத்த புதிதில் கனமான உப்புத் தண்ணீர் அடியில் தங்கும், அதில் பிராணவாயு தீர்ந்துவிடும். அந்த அடுக்கில் வலையை இறக்கிவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று குறிப்பெழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் ஆக்சிஜன் மானியை இறக்கிப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் வலை.

செவுள் வலை மீனைக் கொல்லும் என்பதையும் மறைக்கக் கூடாது. விரால் வகையெல்லாம் மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டும். வலையில் கட்டுண்டு கிடந்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். நீர்நாய், உடும்பு, ஆமை மாட்டினாலும் அதே கதி. இராத்திரி முழுக்கப் போட்டு வைக்கும் முறையை இந்த ஊரில் நான் ஆதரிக்க மாட்டேன். குறைந்த நேரம் போட்டு, பக்கத்திலேயே படகில் இருக்க வேண்டும். திலாப்பியா மாட்டினால் செவுள் மூடிக்குப் பின்னால் நூல் இறுகிக் கிடக்கும், முதுகு முள் விறைத்து நிற்கும். வாலைப் பிடித்து இழுத்தால் மீனும் போச்சு, உங்கள் விரலும் போச்சு. தலைப்பக்கமாகவே தள்ளி, கொக்கி ஊசியால் ஒவ்வொரு நூலாக நழுவ விட வேண்டும்.

கணேசன், பிடோக்: மரினா நீர்த்தேக்கத்தில் மொத்தம் எத்தனை மீன் இருக்கும், தோராயமாக?

முதல் பதிலைப் பாருங்கள்.

முருகேசன், தோ பாயோ: நான் பல வருடமாகத் தூண்டில் போடுகிறேன். மரினாவில் ஒரு மீட்டர் கொடுவா பிடித்தவர்களை எனக்குத் தெரியும். நன்னீரில் நன்றாகவே பெருகுகிறது. புத்தகத்தில் பெருகாது என்று எழுதியிருக்கிறார்களாமே?

அண்ணே, பெரிய மீன் இருக்கிறது என்பதும் பெருகுகிறது என்பதும் வேறு வேறு. கொடுவா நன்னீரில் சௌகரியமாக வளரும், கொழுக்கும். முட்டையிட மட்டும் அதற்குக் கடல் வேண்டும். நன்னீரில் முட்டை பிழைக்காது. மரினாவில் மதகு 2008இல் வந்தது, மழை நீர் உப்பைக் கழுவித் தள்ளி 2010 நவம்பரில் நன்னீர்த்தேக்கமாகிவிட்டது. இன்னொன்று, கொடுவா ஆணாக முதிர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன். ஒரு மீட்டர் மீன் அனேகமாகப் பெண். ஆக நீங்கள் சொல்வது நினைத்தபோது கடலுக்குப் போக வழியில்லாத பெண் மீன்கள்.

முருகேசன்: அப்படியென்றால் இத்தனை வருடம் கழித்தும் எப்படி மாட்டுகிறது? அடைபட்டதெல்லாம் கிழடாகிச் செத்திருக்க வேண்டுமே.

இது நல்ல கேள்வி. மூன்று வழி இருக்கலாம். மதகு திறக்கும் நேரத்தில் நுழைவது, யாராவது கொண்டுவந்து விடுவது, உள்ளேயே பிறப்பது. முதல் இரண்டும் குடியேற்றம், மூன்றாவதுதான் பெருக்கம்.

பாலா, ஈசூன்: மதகு திறந்தால் தண்ணீர் கடலுக்குத்தான் பாயும். எதிர்த்து மீன் ஏறுமா? முருகேசன் அண்ணன் சொல்வதுதான் சரி என்று படுகிறது.

தண்ணீர் கடலுக்குத்தான் பாய்கிறது தம்பி. கடல் இறக்கத்தில் இருக்கும்போதுதான் மதகைத் திறப்பார்கள், ஏற்றத்தில் ராட்சத பம்புகள் தள்ளும். ஏறுவது சிரமம் என்று ஒப்புக்கொள்கிறேன். அதனால் உள்ளேதான் பிறந்தது என்று ஆகிவிடுமா? உள்ளே பிறந்தால் குஞ்சு எங்கே? விரல் நீளக் கொடுவாவை மரினாவில் யாராவது பார்த்தீர்களா?

முருகேசன்: குஞ்சு தூண்டிலில் மாட்டாது அக்கா. வலையில் வராததை இல்லை என்று எழுதக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்!

சபாஷ். என் வாளால் என்னையே வெட்டிவிட்டீர்கள். அப்படியானால் வாதத்தை மீனிடமே விட்டுவிடுவோம். மீன் தலைக் கறி சாப்பிடும்போது பல்லில் நறுக்கென்று ஒரு வெள்ளைக் கல் கடிபடுமே, அது காதுக்கல். மீன் பிறந்த நாளிலிருந்து வெங்காயம் போல அடுக்கு அடுக்காக வளர்கிறது. ஒவ்வொரு அடுக்கிலும் அன்றைக்கு மீன் இருந்த தண்ணீரின் ரசாயனம் பதிந்துவிடும். கடல் நீரில் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் அதிகம், நன்னீரில் பொதுவாகக் குறைவு. கல்லைப் பிசினில் பதித்து, மெல்லிய தகடாக அறுத்து, நடுவிலிருந்து ஓரம் வரை லேசரால் சுட்டு அளந்தால், நடுப்புள்ளி கடலைக் காட்டுகிறதா, நன்னீரைக் காட்டுகிறதா என்று தெரியும். நடுவில் கடல், ஓரத்தில் நன்னீர் என்றால் வெளியே பிறந்து உள்ளே வந்தது. ஆரம்பமே நன்னீர் என்றால் நான் தோற்றேன். சில ஆறுகளில் பாறையின் தன்மையால் நன்னீரிலும் ஸ்ட்ரான்சியம் தூக்கலாக இருக்கும். அதனால் நீர்த்தேக்கத்துத் தண்ணீரையும் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும், ஸ்ட்ரான்சியத்தின் ஐசோடோப், அதாவது எடை வேறுபட்ட அணுக்களின், விகிதத்தையும் பார்ப்பது உத்தமம். மரத்துக்குப் போல வருட வளையத்தை எண்ணி வயது சொல்லலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். குளிர்காலம் இல்லாத ஊரில் அந்த வளையம் மங்கல்.

ஜெயந்தி, செங்காங்: நீங்கள் இருவரும் கொடுவாவிலேயே நிற்கிறீர்கள். எக்கோ சவுண்டர் போட்டால் எல்லா மீனும் தெரியுமே, வலையே வேண்டாமே?

எல்லாம் தெரியாது ஜெயந்தி. அந்தக் கருவி தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. எதிரொலியில் மிகப் பெரும் பங்கு மீனின் காற்றுப் பையிலிருந்து வருகிறது. எவ்வளவு பெரியது, எவ்வளவு ஆழத்தில் என்று சொல்லலாம், என்ன மீன் என்று சொல்ல முடியாது. மேலே ஒரு அடுக்கும் அடியை ஒட்டி ஒரு அடுக்கும் கருவிக்குக் குருடு. சேற்றிலிருந்து எழும் வாயுக் குமிழி திரையில் அச்சு அசல் மீன் மாதிரியே தெரியும். பகலில் கூட்டமாக நிற்கும் மீன் இராத்திரி பிரிந்து பரவும், அதனால் இருட்டிய பிறகு படகை ஓட்டுவார்கள். வலையும் எக்கோவும் சேர்ந்தால்தான் பயன்.

ஹரிணி, சுவா சூ காங்: தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்து டிஎன்ஏ பார்த்துவிடலாம் என்கிறார்களே?

எந்த இனம் இருக்கிறது என்று தேடுவதற்கு அருமையான வழி, அதுவும் வலைக்குச் சிக்காத அபூர்வ மீனுக்கு. எத்தனை என்பதற்கு நம்ப மாட்டேன். இனத்திலும் ஏமாறலாம்: கடலில் மீன் தின்றுவிட்டு வந்து எச்சமிடும் கொக்கும் அந்த மீனின் டிஎன்ஏவைப் போட்டுவிட்டுப் போகும்.

செந்தில், துவாஸ்: எனக்குச் சேலம் பக்கம். மேட்டூரில் கட்லா, ரோகு விட்டு வளர்க்கிறார்கள். இங்கேயும் விட்டால் நாலு பேர் பிழைப்பார்களே?

மேட்டூர் மீன்பிடி அணையும்தான் செந்தில். அங்கே கட்லா காவிரிக்குச் சொந்தமான மீனே இல்லை, கொண்டுவந்து விட்டது. இங்கே நீர்த்தேக்கம் குடிநீருக்கு. அதோடு விட்ட மீன் விட்ட கணக்கோடு நிற்காது. பனாமாக் கால்வாய்க்காக அணை கட்டி உண்டாக்கிய கட்டூன் ஏரியில் 1960களில் அமேசான் பக்கத்துப் பீகாக் பாஸ் என்ற வேட்டை மீன் தப்பி நுழைந்தது. உள்ளூர் மீன்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் காணாமல் போயின, அந்த உள்ளூர் மீன்களைத் தின்ற பறவைகள் வரை பாதிப்பு என்று 1973இல் ஆய்வு வெளிவந்தது. அதே பீகாக் பாஸ் இன்று நம் நீர்த்தேக்கங்களில் நீந்துகிறது. ஊரில் ஜிலேபி என்கிறீர்களே, அந்தத் திலாப்பியா ஜப்பானியர் காலத்தில் இங்கே வந்தது. உப்போ நன்னீரோ, அதற்கு எல்லாம் ஒன்றுதான்.

விஜயா, கிளமெண்டி: தொட்டியில் வளர்த்த மீன் பெரிதாகிவிட்டது. கொல்ல மனம் வரவில்லை. நீர்த்தேக்கத்தில் விட்டால் புண்ணியம்தானே?

பாவம் அக்கா. சட்டப்படி குற்றமும்கூட. தொட்டி மீன் பாதி செத்துப்போகும், மீதி அங்கே இருப்பதைத் தின்னும். அப்பர் சிலேத்தாரில் தென்னமெரிக்க நன்னீர்த் திருக்கை குடும்பம் குட்டியோடு வாழ்வதற்கு யாரோ ஒருவரின் இளகிய மனம்தான் காரணமாக இருந்திருக்க வேண்டும். அதன் வாலில் விஷ முள். வாங்கிய கடையில் கேளுங்கள், வேறு யாருக்காவது கொடுங்கள். மீனை விட்டுப் புண்ணியம் தேடுவோர் வரும் விசாக தினத்தை ஒட்டித் தேசியப் பூங்காக் கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் வருடந்தோறும் கரையில் ஆள் நிறுத்திச் சொல்வதும் இதையேதான். விடாதீர்கள்.

தினேஷ், ஜூரோங்: கிராஞ்சியில் மொத்தம் எத்தனை மீன்?

தினேஷ். மேலே. முதல் பதில்.

ராஜா, பாசிர் ரிஸ்: பிடித்த மீனைச் சாப்பிடலாமா? உயிர் இரை போடலாமா?

சமையல் என் துறை இல்லை. நீர்த்தேக்கத்தில் செயற்கை இரை மட்டும், அதுவும் அனுமதித்த இடத்தில் மட்டும்.

ஆதித்யா, தொடக்கக் கல்லூரி மாணவன்: பள்ளித் திட்டப்பணிக்கு நானே கணக்கெடுக்க முடியுமா அக்கா? வலை வாங்கித் தருவதாக அப்பா சொல்கிறார்.

வலை வேண்டாம் தம்பி. அனுமதி இல்லாமல் வலை போட்டால் திட்டப்பணிக்குப் பதில் அபராதச் சீட்டு வரும். ஆனால் கரையில் நின்றே உருப்படியான வேலை செய்யலாம். ஒரு பாலத்தையோ நடைமேடையையோ தேர்ந்தெடு. வெயில் சாயும் முன், ஒரே நேரத்தில், வாரம் தவறாமல், போலராய்ட் கண்ணாடி போட்டுக்கொண்டு இருபது நிமிடம் நில். பெரிய மீனைத் தேடாதே, குஞ்சைத் தேடு. தோமான் குஞ்சுகள் செங்கல் நிறத்தில் உருண்டையாகத் திரண்டு மேலே வந்து காற்றைக் குடிக்கும், தண்ணீர் கொதிப்பது மாதிரி இருக்கும். தாயும் தகப்பனும் கீழேயே நிற்கும், கிட்டே எது போனாலும் பாயும். பீகாக் பாஸ் ஜோடி கரையோரத்துக் கல்லைச் சுத்தம் பண்ணிக் காவல் காக்கும். வால் தொடங்கும் இடத்தில் தங்க விளிம்பு போட்ட கண் மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. இவற்றை எந்த மாதத்தில், எத்தனை கூட்டம் பார்த்தாய் என்று எழுதினால், அங்கே என்ன பெருகுகிறது என்று அடித்துச் சொல்லலாம். ஒன்றும் பார்க்காத வாரத்தையும் எழுது. பூஜ்ஜியத்தை விட்டுவிட்டால் மற்ற எண்ணுக்கு மதிப்பில்லை. மழைக்கு மறுநாள் தண்ணீர் கலங்கியிருந்தால் ‘தெரியவில்லை’ என்று எழுது, ‘இல்லை’ என்று எழுதாதே.

முருகேசன்: சரி அக்கா, அடுத்த கொடுவாவின் தலையை யாரிடம் கொடுப்பது?

முதலில் நீளத்தை அளந்து, பிடித்த இடத்தையும் தேதியையும் குறித்து, தலையை ஐஸில் வையுங்கள். பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் கேட்டுப் பார்க்கிறேன். ஒரு தலை போதாது, பத்தாவது வேண்டும். உடம்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.