சீனம் படிக்கிறேன், கூடவே என்ன படிக்கட்டும்?

கேள்வி: பல்துறைப் பட்டப்படிப்பு ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. சீன மொழி, சீனப் பண்பாடு, கூடவே வரலாறு, பொருளாதாரம், அரசியல் என்று பாடத்திட்டம் போகிறது. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில், "எல்லாவற்றிலும் நுனிப்புல் மேய்ந்துவிட்டு எதிலும் காலூன்றாமல் வெளியே வருவாய், ஒன்றை மட்டும் உருப்படியாகப் படி" என்கிறார்கள். என்ன செய்யட்டும்? (ஒரு மாணவி)

பதில்: சேருங்கள். ஆனால் சேருவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். வாரத்துக்கு நான்கு மணி நேரம் சீன மொழி வகுப்பு என்று வைத்துக்கொள்வோம், ஆண்டுக்கு 30 வாரம், மூன்று ஆண்டு: மொத்தம் 360 மணி. ஆங்கிலம் பேசி வளர்ந்த தன் அதிகாரிகளுக்குச் சீனம் கற்பிக்க அமெரிக்க வெளியுறவுத் துறை ஒதுக்கும் வகுப்பு நேரம் சுமார் 2,200 மணி, ஸ்பானிஷுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஆக உங்கள் வீட்டார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இந்தப் படிப்பில் ஏமாந்துபோகிறவர்கள் பெரும்பாலும் மொழிக்கு நேரம் போதாமல்தான் ஏமாந்துபோகிறார்கள், பழி மட்டும் மற்ற பாடங்கள் மேல் விழுகிறது.

அதனால் துறையில் இரண்டு விஷயம் கேளுங்கள். மொழி வகுப்பு தினமும் உண்டா, இல்லை வாரத்தில் ஒரே நாளில் மொத்தமாக நடத்தி முடித்துவிடுகிறார்களா? அப்புறம், மூன்றாம் ஆண்டில் வரலாறோ பொருளாதாரமோ நடத்தும்போது சீன மொழியில் இருக்கும் ஒரு செய்தியையோ ஆவணத்தையோ வாசிக்க வைக்கிறார்களா, இல்லை எல்லாமே ஆங்கிலப் புத்தகம்தானா? எனக்கு இந்த இரண்டாவதுதான் முக்கியம். மொழி ஒரு பக்கம், பண்பாடு இன்னொரு பக்கம் என்று ஒன்றையொன்று எட்டிப் பார்க்காமல் நடந்தால் அது பெயரளவில்தான் பல்துறை.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் சேரச் சொல்கிறேன்? இலங்கையின் காலியில் 1911இல் கிடைத்த ஒரு கல்வெட்டு, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனாவின் மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பயணங்களோடு வந்த கல், 1409ஆம் ஆண்டுத் தேதி கொண்டது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்று மொழியும் அந்த ஒரே கல்லில் இருக்கின்றன. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது, தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்கு, பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபுக்கு, ஆனால் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று கொடுத்த பொருள்களின் பட்டியல் சீனத்திலும் தமிழிலும் ஏறக்குறைய ஒன்றேதான். சீனம் மட்டும் தெரிந்தவர் இதை ஒரு பௌத்த தானம் என்று படித்துவிட்டுப் போய்விடுவார். கடல் வணிக வரலாறு மட்டும் தெரிந்தவர் அடுத்தவர் மொழிபெயர்த்துக் கொடுத்ததை நம்பித்தான் ஆக வேண்டும். அந்தத் துறைமுகத்தில் யார் யார் இருந்தார்கள், ஒரு பேரரசு எதற்காக ஒவ்வொரு கூட்டத்தாரிடமும் அவரவர் மொழியில், அவரவர் தெய்வத்தின் பெயரால் பேசியது என்று தோண்டிப் பார்க்க இரண்டும் தெரிந்த ஆள் வேண்டும். உங்கள் படிப்பு அப்படி ஒருவரை உருவாக்கத்தான்.

அதற்காக எல்லாப் பாடத்தையும் சம அளவில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். முதல் ஆண்டு எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் மொழியோடு ஒரே ஒரு துறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது பொருளாதாரம் என்றால் புள்ளியியலையும் சேர்த்து ஒழுங்காகப் படியுங்கள், மேலோட்டமாக வேண்டாம்.

கேள்வி: முதலாண்டில் இருக்கிறேன். எழுதி எழுதிக் கை வலிக்கிறது, ஒரு வாரம் போனால் பாதி எழுத்து மறந்துபோகிறது. சீன உச்சரிப்பை ஆங்கில எழுத்துகளில் எழுதும் பின்யினை வைத்தே ஓட்டிவிட முடியாதா? (ஒரு மாணவர்)

பதில்: முடியாது. 1958இல் ஏற்கப்பட்ட பின்யின் உச்சரிப்பைக் காட்டவும் தட்டச்சு செய்யவும் உதவும். ஆனால் நாவல், நாளிதழ், ஒப்பந்தம் எல்லாம் எழுத்துகளில்தான் வரும். 2013இல் சீன அரசு வெளியிட்ட பட்டியலில் 8,105 எழுத்துகள், அதில் அன்றாடப் புழக்கத்துக்கான முதல் அடுக்கு மட்டும் 3,500. இதை ஒவ்வொரு படமாக மனப்பாடம் செய்தால் யாருக்கும் மறக்கத்தான் செய்யும்.

பெரும்பாலான எழுத்துகளில் ஒரு பகுதி பொருளுக்கும் இன்னொரு பகுதி ஒலிக்கும் குறிப்புக் கொடுக்கும். பச்சையையும் நீலத்தையும் குறிக்கும் 'சிங்' என்ற எழுத்தைப் பாருங்கள். அதன் இடப்பக்கம் நீரைக் குறிக்கும் மூன்று துளிகளைப் போட்டால் தெளிவு. சூரியனைப் போட்டால் மேகம் விலகிய வானம். இதயத்தைப் போட்டால் உணர்வு, பேச்சைப் போட்டால் ஒருவரை வேண்டிக் கேட்பது. எல்லாமே 'சிங்'தான், தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம், மட்டும் மாறும். இப்படிக் குடும்பம் குடும்பமாகப் படியுங்கள், தினமும் கொஞ்ச நேரம் கையால் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து மொத்தமாக எழுதுவது கையைத்தான் நோகடிக்கும். தொனியையும் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள், தப்பாகப் படிந்துவிட்டால் திருத்துவது பெரும்பாடு.

கேள்வி: மொழிபெயர்ப்புச் செயலிகள் இவ்வளவு வந்துவிட்ட பிறகு மகன் சீனம் படிக்கத்தான் வேண்டுமா? (ஒரு தந்தை)

பதில்: ஐயா, அறிவிப்புப் பலகைக்கும் சாதாரணச் செய்திக்கும் செயலி போதும், அதை மறுக்கவில்லை. மொழிபெயர்ப்பை மட்டும் பிழைப்பாக நம்பிப் போவதானால் நானும் யோசிக்கத்தான் சொல்வேன். ஆனால் இப்படிப்பட்ட படிப்பில் பெரும்பாலும் பழஞ்சீனமும் கொஞ்சம் வரும். 1919இல் சீன மாணவர்கள் தொடங்கிய மே நான்கு இயக்கத்தை ஒட்டி எழுத்து நடை பேச்சு நடைக்கு நெருங்கி வரும்வரை அந்தச் செறிவான நடையில்தான் பெரும்பாலும் நூல்கள் எழுதப்பட்டன. பழைய பதிப்புகளில் பெரும்பாலும் நிறுத்தக்குறி கிடையாது, வாக்கியம் எங்கே முடிகிறது என்பதையே படிப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். ஓரிடத்தில் மாற்றி நிறுத்தினால் பொருளே மாறிவிடும். அங்கே செயலி எதையோ சரளமாகச் சொல்லிவிட்டுப் போகும், அது சரியா தப்பா என்று சொல்ல மூலத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஒப்பந்தத்துக்கும் சட்டத்துக்கும் இதே கதைதான்.

கேள்வி: எளிய எழுத்தா, மரபு எழுத்தா, எதில் தொடங்குவது? (ஒரு வாசகர்)

பதில்: உங்கள் துறை எதில் நடத்துகிறதோ அதில். சீனாவிலும் சிங்கப்பூரிலும் எளிய எழுத்து, தைவானிலும் ஹாங்காங்கிலும் மரபு எழுத்து. எழுத்துகளின் கோடுகளைக் குறைத்து எளிதாக்கும் திட்டம் 1956இல்தான் வந்தது, அதற்கு முந்திய நூல்களை மூலத்தில் படிக்க மரபு எழுத்து தெரிந்தாக வேண்டும். வரலாறோ இலக்கியமோ எடுக்கப்போகிறீர்கள் என்றால் இரண்டாம் ஆண்டிலேயே அதை வாசித்துப் பழகத் தொடங்குங்கள், எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.